உஷார்! ஸ்டீயரிங் ஆடுகிற வேனில் ஏறாதீர்கள்

சூலக்கரை, ஆமத்தூர், ஆர்.ஆர்.நகர் பக்கம் விடிகாலையில் பட்டாசு ஆலைகளுக்கு ஆளேற்றிக்கொண்டு போகும் வேன்களில் பல, பத்து வருஷத்துக்கு மேல் ஓடிக் களைத்தவை. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கும் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு அவசர வேண்டுகோள்: அடுத்த டிரிப்புக்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டீயரிங் இணைப்புகளைப் பாருங்கள்.

பிரேக் சரியில்லை என்றால் உடனே பட்டறைக்குப் போகிறோம். ஸ்டீயரிங் ஆடினால் மட்டும் "ஓட்டி ஓட்டிக் கை பழகிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். கை பழகுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, ஓட்டுகிறவரின் கையும் அதற்கேற்ப அதிகமாகத் திருப்பக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் இணைப்பு கழன்று விழும் நாள்வரை அவருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியாது.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம் என்பதற்குச் சட்டத்திலேயே அளவு இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. 40 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் அளந்தால் சுமார் 10 செ.மீ. வரும். என்னைக் கேட்டால் அதுவே அதிகம். மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே ஒரு பைக் வந்தால், வீலை அத்தனை தூரம் சும்மா சுற்றிய பிறகுதான் டயர் திரும்பவே ஆரம்பிக்கும்.

அதே விதி இன்னும் இரண்டு கட்டளை போடுகிறது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும்தான் நாம் கைவிடுகிறோம்.

ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டை ராட் என்று ஒன்றையொன்று இழுத்துத்தான் சக்கரம் திரும்புகிறது. ஒவ்வொரு மூட்டிலும் கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் பூட். பூட் கிழிந்தால் மழைத் தண்ணீரும் கரிசல் புழுதியும் உள்ளே போகும். அந்தப் புழுதி கிரீஸோடு குழைந்து சாணைக்கல் போல உருண்டையைத் தேய்க்கும். தேய்ந்த உருண்டை ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போது கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், ஒரு சக்கரம் ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் பார்க்கும். அதற்கப்புறம் எவ்வளவு கெட்டிக்கார டிரைவராலும் வண்டியைத் திருப்ப முடியாது. பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

சோதிப்பதற்குச் செலவே இல்லை. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து வீலை இடமும் வலமுமாகச் சின்னதாக அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு போய்விட்டது. அடுத்து முன் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கிங் பின், நின்றுவிட்டால் வீல் பேரிங். சிறிய வேன்களில் பாக்ஸுக்குப் பதில் ரேக் இருக்கும். அதன் இரண்டு முனை ரப்பர் பூட்களையும் விரித்துப் பார்த்தால் கிழிசல் தெரியும்.

பட்டறையில் சில வைத்தியங்களைச் செய்யவே விடாதீர்கள். பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தைக் குறைப்பது முதலாவது. தேய்ந்தது டை ராட் முனையாக இருக்க, பாக்ஸை இறுக்கினால் கைக்கு ஆட்டம் குறைந்த மாதிரி தெரியும், கீழே தேய்மானம் அப்படியே இருக்கும். அதோடு திருப்பத்தில் ஸ்டீயரிங் இறுகி, தானாகத் திரும்பி வராமல் போகலாம். வளைந்த டை ராடைச் சூடாக்கி நிமிர்த்துவதும், ஸ்டீயரிங் பாகத்தில் வெல்டிங் வைப்பதும் அதைவிட மோசம். ஸ்பிளிட் பின் கிடைக்கவில்லை என்று கட்டுக்கம்பியைச் செருகுவதும் வேண்டவே வேண்டாம். சில ரூபாய் பின்தான் நட்டு சுழன்று கழலாமல் காக்கிறது.

எஃப்.சி. வாங்கியாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுக்கொருமுறை தகுதிச் சான்று. ஒரு பூட் கிழிந்து மூட்டு போவதற்கு ஆண்டு முழுக்கத் தேவையில்லை. ஒரு ஐப்பசி மழையும் ஆலைக்குப் போகும் மண் பாதையும் போதும்.

ஸ்டீயரிங் யாரையும் கைவிடலாம் என்பதற்குக் கடலிலிருந்து ஒரு உதாரணம். இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற பாய்மரப் படகில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். கடைசிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில், இந்தியப் பெருங்கடலில் ஸ்டீயரிங் கோளாறு. திட்டத்தில் இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு மே 21 அன்று கோவா திரும்பினார்கள். நன்றாகப் பராமரித்த படகுக்கே அந்தக் கதி. ஆனால் பொதுவாகச் சக்கரத்தில் திருப்பும் பாய்மரப் படகுகளில், அது பழுதானால் சுக்கானில் நேரடியாக மாட்டித் திருப்ப ஒரு அவசரக் கைப்பிடி வைத்திருப்பார்கள். சுற்றிலும் வெறும் கடல், யோசிக்க நேரமும் உண்டு. நம் வேனில் மாற்றுக் கைப்பிடி கிடையாது. எதிரே லாரி வருகிறது, உள்ளே இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டாசுப் பெட்டி ஏற்றிய வண்டியாக இருந்தால் கவிழ்வதோடு அது முடியாது.

வேனில் போகும் அக்காமார்களும் கவனியுங்கள். நேரான ரோட்டில் டிரைவர் வீலை ஓயாமல் இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டே வருகிறாரா? பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் டயர் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறதா? இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. கேளுங்கள். ஆளேற்ற வாடகை கொடுக்கும் ஆலை நிர்வாகமும் கேட்க வேண்டும். அறைக்குள் உராய்வு கூடாது என்று அத்தனை கண்டிப்பு காட்டுகிற தொழிலில், வாசலுக்கு வரும் வண்டியின் மூட்டுகளை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

டை ராட் முனை மாற்றினால் ரசீதோடு நல்ல பாகமாக வாங்கிப் போடுங்கள். அதன்பிறகே வீல் அலைன்மென்ட். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் காசுதான் வீண். கழற்றிய பழைய முனையை மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி அறுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை கீழே படுத்து, நட்டில் புது பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.