மிதக்கும் எண்ணெய் கடலடிச் சேற்றை அடைவது எவ்வாறு?

"எண்ணெய் நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது நீரின்மேல் மிதக்கும். அதனால் நீருக்குள் ஒளியும் ஒட்சிசனும் செல்வது தடைப்படும்." கடல் மாசடைதல் பற்றிய வினாவுக்கு மாணவர் பலர் எழுதும் விடை இது. பிழையன்று, ஆனால் பாதி விடைதான். மேலே மிதப்பதை அள்ளிவிட்டால் மாசு நீங்கிவிடும் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது.

சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூரை எடுத்துக்கொள்வோம். அங்கே துறைமுகமும் அனல் மின்நிலையங்களும் உண்டு. அருகே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலுடன் கலக்கும் கழிமுகமும் இவற்றை ஒட்டியே அமைந்துள்ளது. 2017 ஜனவரி 28 ஆம் திகதி அதிகாலையில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த கனத்த எரிபொருள் எண்ணெய் கரையோரக் கற்களிடையே தார்போலத் திரண்டது. தொண்டர்கள் அதனை வாளிகளால் அள்ளினார்கள். பின்னர் 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், படகுகளிலும் வலைகளிலும் கண்டல் மரங்களிலும் படிந்தது. வாளியால் அள்ளக்கூடியது கண்ணுக்குத் தெரியும் எண்ணெயை மட்டுமே. மற்றையது எங்கே போகிறது?

பெற்றோலியம் தனியொரு சேர்வையன்று. பற்பல ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் சிறிய மூலக்கூறுகள் வெயிலிலும் காற்றிலும் விரைவில் ஆவியாகிவிடும். எஞ்சும் கனத்த பகுதியை அலைகள் சிறு துளிகளாக உடைக்கும். ஆறு கொண்டுவரும் களித் துணிக்கைகளில் அத்துளிகள் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு சேர்ந்தவற்றின் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியிலும் கூடும்போது அவை அமிழும். துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவருக்கு உட்புறம் நீர் அமைதியாக இருப்பதால் நுண்ணிய சேறு அங்கேதான் அதிகம் படியும். விபத்து எதுவும் நிகழாவிட்டாலும், கப்பல்களிலிருந்து நாள்தோறும் சிந்தும் சிறிதளவு எண்ணெய் இவ்வழியாகவே அடித்தளத்தைச் சேரும்.

இவ்வாறு சேர்வனவற்றுள் முக்கியமானவை பல்வளைய அரோமற்றிக்கு ஐதரோகாபன்கள். அலுமாரியில் துணிகளுக்கிடையே வைக்கும் நப்தலீன் உருண்டையை அறிவீர்கள். நப்தலீன் மூலக்கூறில் இரு வளையங்கள் உண்டு. பென்சோபைரீனில் ஐந்து வளையங்கள். காபன் அணுக்கள் 20, ஐதரசன் அணுக்கள் 12. இது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பதார்த்தம். வளையங்கள் கூடக்கூட நீரில் கரையும் தன்மை குறையும். சேற்றிலுள்ள சேதனப் பொருள்களுடன் ஒட்டும் தன்மை கூடும்.

பற்றீரியாக்கள் இவற்றைப் பிரிகையாக்கமாட்டாவா? பிரிகையாக்கும். ஆனால் விரைவாகச் செய்வதற்கு ஒட்சிசன் வேண்டும். நுண்ணிய சேற்றில் மேற்புறத்துச் சில மில்லிமீற்றருக்குக் கீழே பெரும்பாலும் ஒட்சிசன் இல்லை. கூழ்முட்டை நாற்றமுள்ள கரிய சேற்றைக் களப்போரத்தில் மிதித்திருந்தால் அந்தப் படையை நீங்கள் நேரிலேயே கண்டிருக்கிறீர்கள். அங்கே எண்ணெய் பல ஆண்டுகள் தங்கும். எவ்வளவு காலம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1969 செப்டெம்பரில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மேற்கு பல்மத் கரையில் ஒரு தட்டைக்கப்பல் தரைதட்டி, ஏறத்தாழ 7 இலட்சம் லீற்றர் எரிபொருள் எண்ணெய் சிந்தியது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்குள்ள சதுப்புச் சேற்றின் உட்படைகளில் அந்த எண்ணெய் இருந்தது. அங்குள்ள நண்டுகள் ஆழமாக வளை தோண்டுவதைத் தவிர்த்தமையும் அறியப்பட்டது.

இனி, பரீட்சையில் பலர் தவறும் இடம். உணவுச்சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவு கூடும் என்று டீ.டீ.ரீ.க்கு எழுதும் விடையை இங்கே அப்படியே எழுதவேண்டாம். மீன்களின் ஈரலிலுள்ள நொதியங்கள் இச்சேர்வைகளைப் பெருமளவுக்கு மாற்றி வெளியேற்றும். சிப்பி, மட்டி ஆகியவற்றில் அவ்வாற்றல் குறைவு. ஆதலால் அவற்றின் உடலில் இவை சேரும். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இச்சேறு உணவின் வழியாக மட்டுமன்றித் தோலின் வழியாகவும் ஆபத்தானது.

பயிற்சி வினா: கப்பல்கள் வருவதற்காகத் துறைமுகத்தின் அடிச்சேறு அவ்வப்போது தோண்டி அகற்றப்படுகிறது. பழைய எண்ணெய் மாசுள்ள துறைமுகமொன்றில் இவ்வேலையால் சுற்றியுள்ள நீருக்கு ஏற்படக்கூடிய தீங்கு ஒன்றையும், தோண்டிய சேற்றைக் கடலில் வேறோரிடத்தில் கொட்டுவது ஏன் பொருத்தமற்றது என்பதையும் விளக்குக.