லாரிக்கு ஒரு சட்டம், விமானத்துக்கு ஒரு சட்டமா?

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்கு லாரி ஓட்டிச் செல்லும் தோழனைக் கேட்டுப் பாருங்கள். வழியில் கைகாட்டி நிறுத்துவார்கள். லைசென்சு எங்கே? எஃப்.சி. எங்கே? இன்சூரன்சு எங்கே? ஒரு தாள் குறைந்தால் அன்றைய கூலி போயிற்று! சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். நாம் குறை கூறவில்லை. மண்ணிலே ஓடும் வண்டிக்கு இத்தனை காவல் என்றால், விண்ணிலே பறக்கும் வண்டிக்கு எத்தனை வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

1980 ஜூன் 23. டில்லி சப்தர்ஜங் விமான நிலையம். குட்டிக்கரணம் போடுவதற்கென்றே செய்யப்பட்ட பிட்ஸ் ரகச் சிறு விமானம் கிளம்புகிறது. ஓட்டுபவர் பிரதமர் இந்திரா அம்மையாரின் மகன் சஞ்சய் காந்தி. அவரிடம் லைசென்சு இருந்தது. விதியை மதிக்கும் வழக்கம்தான் இல்லை. அவர் விதி மீறிப் பறப்பதைச் சுட்டிக்காட்டிய விமானத் துறைத் தலைமை அதிகாரி ஜாபர் ஜஹீர் என்ன ஆனார்? விடுப்பில் அனுப்பப்பட்டார்! தாழப் பறந்து வித்தை காட்டிய விமானம் தரையில் மோதியது. 33 வயதிலே மாண்டார் சஞ்சய். ஒரு தாயின் கண்ணீரை எள்ளி நகையாடும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் கூடவே மாண்ட பயிற்சியாளர் சுபாஷ் சக்சேனாவின் பெயர், நாட்டிலே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவர் வீட்டிலும் அன்று ஒப்பாரிதானே!

அரண்மனைப் பிள்ளைக்கு மட்டுமா இந்தச் சலுகை? 2011-ல் கோவாவிலே பயணிகள் விமானம் ஒன்று, முன்சக்கரம் முதலில் மோத இறங்கியது. துருவிப் பார்த்தார்கள். விமானியின் மதிப்பெண் தாளே போலி என்று கைது செய்தார்கள். தோண்டத் தோண்ட மேலும் பல போலிகள். காவல் காக்கவேண்டிய இலாகாவின் அதிகாரியே ஒருவர் வலையில் சிக்கினார்!

2023 அக்டோபரில் மராட்டியத்துப் பாராமதியில், ரெட்பேர்ட் பயிற்சிப் பள்ளியின் விமானங்கள் 19-ந் தேதி ஒன்றும் 22-ந் தேதி ஒன்றுமாக விழுந்தன. பிறகுதான் அங்கே பயிற்சியை நிறுத்தி வைத்தது இலாகா. 2025-ல் அதே இலாகா 35 பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரம் போட்டது. முதல் தரம் ஒன்றுகூட இல்லை! 13 பள்ளிகள் 'பி', மிச்சம் 22-ம் 'சி'.

டில்லிக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். 2025 நவம்பரில், சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் நெடுஞ்சாலையிலேயே இறங்கியது. உயிர்ச்சேதமில்லை. குற்றம் யாருடையது என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை அது!

இன்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும் விமானி ஆக ஆசைப்படுகிறான். வரவேற்கிறோம். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். லட்சம் லட்சமாகச் செலவு; காட்டை விற்றுக் கட்டுகிறார் தகப்பன். அந்த 200 மணியை ஆகாயத்திலே பறந்து சேர்க்கிறார்களா, ஏட்டிலே பேனாவால் சேர்க்கிறார்களா? பணம் கட்டுமுன் பள்ளியின் தரம் என்ன என்று கேளுங்கள். பழுது பார்த்த ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்பி வாருங்கள்.