நில அணில்களும் சிறு ரைபிளும்

கானடா தேசத்து ஆல்பர்ட்டா, ஸஸ்காச்சுவன் சமவெளிகளில் வளை தோண்டி வாழும் ரிச்சர்ட்ஸன் நில அணில்கள் புல்லுக்கும் இளம்பயிருக்கும் பெருஞ்சேதம் விளைவிப்பவை. குளிர்கால நித்திரை கலைந்து, மார்ச்சு வாக்கில் ஆண்கள் முதலிலும், ஏறக்குறைய இரண்டு வாரங்கழித்துப் பெட்டைகளும் வெளிப்படும். ஓர் ஆண் பல பெட்டைகளைக் கூடுமாதலால், முதலில் தென்படும் ஆண்களைச் சுடுவதில் பிரயோஜனம் சொற்பமே. சினைக்காலம் 23 நாட்கள். ஆண்டுக்கு ஓர் ஈற்றே, ஆயினும் குட்டிகள் சராசரியாக ஆறு ஏழு எனலாம். ஆகவே ஈனுமுன் 0.22 அங்குல ரைபிளால் பெட்டையொன்றை வீழ்த்துவது, பின்னர் ஒரு வளைக்குட்டிகள் முழுவதையும் சுடுவதற்கு ஒப்பாகும். ஜூன் மாத வேட்டை பெரும்பாலும் பொழுதுபோக்கே. குண்டு சிறிதாயினும் ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும். பின்னால் மண்மேடு இருந்தாலன்றிச் சுடலாகாது. ஈயத்துணுக்கு பொதிந்த உடல்களைத் தின்னும் பருந்துகளுக்கு அது நஞ்சு; அப்பருந்துகளோ அணில்களை வேட்டையாடிக் குடியானவனுக்கு உதவுபவை. அவ்வுடல்களைப் பொறுக்கிப் புதைத்துவிடல் வேண்டும்.