பாஸ்டன் டாக்டர் ஜோசப் வாரன்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஜார்ஜ் வாஷிங்டன் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அவருக்கு முன்பே களத்தில் உயிரைவிட்ட ஒரு டாக்டரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஜோசப் வாரன் 1741-ல் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். 1764-ல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது பலருக்கு அம்மை குத்தினார். ஜென்னரின் தடுப்பூசி வந்தது 1796-ல்தான். அதற்கு முன் அம்மைக் கொப்புளத்துச் சீழையே எடுத்துக் கீறலில் வைப்பார்கள். லேசாக அம்மை கண்டு தேறினால் மறுபடி வராது. தேறாமல் போனவர்களும் உண்டு. டாக்டரை நம்பித்தான் கையை நீட்ட வேண்டும். பின்னாளில் ஜனாதிபதியான ஜான் குவின்ஸி ஆடம்ஸின் முறிந்த விரலைச் சிறுவயதில் வெட்டாமல் காப்பாற்றியவரும் இவரே.

இந்தச் செல்வாக்குதான் அவரை அரசியலுக்கு இழுத்தது. பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து எழுதினார், பேசினார். 1775 ஏப்ரல் 18 இரவு, பட்டாளம் புறப்படுவதை முன்கூட்டியே ஊர்களுக்கு அறிவிக்க பால் ரிவியரையும் வில்லியம் டாஸையும் அனுப்பியவர் வாரன். அப்போது அவர் மனைவியை இழந்தவர்; நான்கு சிறு குழந்தைகள்.

ஜூன் 14-ல் அவரை மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் நாள் பங்கர் ஹில் சண்டை. (உண்மையில் நடந்தது பக்கத்து பிரீட்ஸ் ஹில்லில், பெயர் மட்டும் மாறி நிலைத்துவிட்டது.) தலைமையை ஏற்கச் சொன்னபோது மறுத்து, துப்பாக்கியுடன் சாதாரண வீரராக நின்றார். பட்டாளத்தின் மூன்றாவது தாக்குதலில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 34. குழந்தைகளை நினைத்தாவது அவர் பின்னால் நின்றிருக்கலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

உடலைப் பிரிட்டிஷார் அங்கேயே புதைத்தார்கள். 1776 மார்ச்சில் அவர்கள் பாஸ்டனைவிட்டுப் போன பிறகு சகோதரர்கள் தோண்டினார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. வெள்ளி வேலை செய்த ரிவியர், கொஞ்சம் பல் வைத்தியமும் பார்த்தவர். வாரனுக்குத் தாம் கம்பி வைத்துக் கட்டிய பொய்ப்பல்லைக் கண்டு அவர்தான் உறுதி சொன்னார். தான் செய்த வேலையை வேலைக்காரன் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வான்.

அனாதைகளான குழந்தைகளுக்கு 1778-ல் 500 டாலர் கொடுத்து உதவியவர் ஜெனரல் பெனடிக்ட் ஆர்னால்ட். 1780-ல்தான் காங்கிரஸ், கடைசிக் குழந்தை வயதுக்கு வரும்வரை மேஜர் ஜெனரலின் பாதிச் சம்பளம் தரத் தீர்மானித்தது. அதே வருஷம்தான் ஆர்னால்ட் பிரிட்டிஷார் பக்கம் தாவினார்.