கரிசலுக்கு அடியில் ஒரு கடல்

வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அங்கிருந்து குன்னம் வழியாகத் தெற்கே செல்வோர் காண்பது கரிசல் மண்ணும், அதில் விளையும் பருத்தியும் மக்காச்சோளமும், இடையிடையே சீமைக்கருவேலமும்தான். கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கே பல மணிநேரம் பயணம் செய்ய வேண்டும். எனினும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் பெரும்பகுதியில் ஒரு காலத்தில் கடல் நின்றது. அதனை உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் இந்நாட்டுப்புறத்தைச் சுற்றிவந்த வெளியூர்ப் பயணிகள் ஆவர்.

1840ஆம் ஆண்டையொட்டி, சென்னை மாகாணப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன சங்குகளையும் சிப்பிகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் விளக்கம் எழுதியவர் எட்வர்டு ஃபோர்ப்சு. இவருக்கு அயர்லாந்தோடும் ஒரு தொடர்பு உண்டு. டப்ளினில் பிறந்த தாமசு ஓல்டாம் என்னும் நிலவியலாளர், அந்நாட்டின் விக்லோ பகுதியில் கடலோரக் குன்றாகிய பிரே முனையில், பாறைமேல் விசிறி போன்ற பழந்தடங்களைக் கண்டார். அவற்றுக்கு ‘ஓல்டாமியா’ எனப் பெயரிட்டவர் இதே ஃபோர்ப்சுதான். அயர்லாந்தின் நாட்டுப்புறத்தை நடந்து அளந்த ஓல்டாம், 1851இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அவர்கீழ்ப் பணியாற்ற வந்தவர் ஹென்றி பிளான்போர்டு. 1857இல் திருச்சிராப்பள்ளிப் பகுதி ஆய்வைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. அயர்லாந்தின் கடலோரக் குன்றுகளில் பாறை வெளிப்படையாய்த் தெரியும். கரிசல் மூடிய நிலத்திலோ அது கண்ணுக்கு அகப்படாது. இத்தகைய நிலத்தில் ஆய்வாளர்க்குத் துணையாவன இரண்டு: மழைநீர் அரித்த ஓடைக்கரை ஒன்று, உழவர் தோண்டிய கிணறு மற்றொன்று. நிலத்தின் குறுக்குவெட்டு முகத்தை இவை காட்டிவிடும். ஓர் ஓடையில் கண்ட பாறை அடுத்த ஓடையில் எங்கே தலைகாட்டுகிறது எனத் தேடித் தேடி நடந்தால்தான் நிலப்படம் உருவாகும். விரைந்து செல்பவர்க்கு இவ்வேலை கைகூடாது.

பிளான்போர்டு கண்டறிந்த உண்மை எளியது, ஆயினும் வியப்பூட்டுவது. மேற்கே பழமையான கடினப் பாறை உள்ளது. அதன்மேல் கடல் படியவைத்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்துள்ளன. ஆகவே, மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் காலத்தில் முன்னோக்கி நடக்கிறார். அவ்வடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பகுத்து, 1862இல் வெளியிட்டார். நம் ஊர்ப்பெயர்கள் அன்றுமுதல் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றன. பின்னாளில் அவர் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானது தனிக்கதை.

திரட்டப்பட்ட புதைபடிவங்களுள் பெரும்பாலானவற்றை ஆராய்ந்து, படங்களுடன் பெருந்தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தவர் மொராவியாவில் பிறந்த பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. 1874இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் லடாக்கில் உயிர்நீத்தார். அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் பேரினம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அம்மோனைட்டுகள் கணவாய்க்கு உறவினம். ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தவை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி அவையும் அற்றுப்போயின.

இவ்வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு. சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தை 1940இல் ஆய்வுலகுக்கு அறிவித்தவர் எம்.எஸ். கிருஷ்ணன். அவரே 1951இல் நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். கரையில் வளர்ந்த மரம் ஒன்று கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து, அதன் மரப்பொருளின் இடத்தைச் சிறுகச் சிறுகச் சிலிக்கா பிடித்துக்கொண்டதால் கல்மரமானது. மரத்தின் வடிவம் மட்டும் மாறவில்லை.

அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள். சுரங்கம் தோண்டத் தோண்டப் புதிய படிவங்கள் வெளிப்படுகின்றன. அதே தோண்டலில் உடைந்து, அரவைக்கும் சென்றுவிடுகின்றன. சுரங்கத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால், இதனை வெறும் குற்றச்சாட்டாகக் கூறி ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், எடுத்த இடமும் அடுக்கும் குறிக்கப்படாத புதைபடிவம், பக்க எண் தெரியாமல் கிழிந்த ஏடு போன்றது. அழகுக்காக ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அத்தகைய இழப்பே.

வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. சாத்தனூர்க் கல்மரம் வேலிக்குள் காக்கப்படுகிறது. காரையின் செம்மண் ஓடைகளிலோ ஒவ்வொரு மழைக்குப் பின்னும் களிமண் கரைந்து, அதுவரை எவரும் காணாத கடலுயிர்கள் வெளியே தலைநீட்டுகின்றன.