பாய்மரத் துளையுள்ள ஒரு பழைய தோணி



உம்மும்மா காலத்துச் சிங்கர் தையல் மெஷின் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதன் அடித்தட்டில் பொறித்திருக்கும் இலக்கத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 1900க்குப் பிற்பட்டதாயின் முன்னால் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ இருக்கும். பின்னால் நீண்ட எண் இருக்கும். மெஷின் எந்தக் காலத்தில், எந்தத் தொழிற்சாலையில் உருவானது என்பதை அந்த இலக்கமே சொல்லிவிடும். ஒரு சாமான் உடைந்தால் கடைக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். இலக்கம் தெரியாமல் வாங்கி வந்த சாமான் பெரும்பாலும் மெஷினில் ஏறாது.

இதே நிலைமை ஒரு மரத் தோணிக்கும் உண்டு என்றால் நம்புவீர்களா?

வட அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பெனொப்ஸ்கொட் நதிக்கரையில் ஓல்ட் டவுன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அப்பகுதியின் பூர்வகுடிகள் பேர்ச் மரப்பட்டையால் 'கனூ' எனும் இலேசான தோணிகளைச் செய்து வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டைக்குப் பதிலாகக் கன்வஸ் துணி வந்தது. மெல்லிய சீடர் மரத்தை வளைத்து விலாக்கள் அமைத்து, அதன்மேல் மெல்லிய பலகை அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே கன்வஸை இழுத்துப் போர்த்திப் பூச்சுப் பூசினார்கள். 1898இல் அவ்வூரின் ஹாட்வெயார் கடையொன்றின் பின்புறத்தில் தொடங்கிய வேலைதான் பிறகு ஓல்ட் டவுன் கனூ கம்பெனியாகப் பெயர் பெற்றது. கடைச் சாமான்களுக்கு நடுவே பிறந்த தோணிக்கு இன்று சாமான் தேடி அலைய வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

அந்தத் தோணிகளின் உள்ளே, இரு முனைகளிலும் உள்ள வளைமரத்தின் அடியில், ஓர் இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். அதையடுத்துத் தோணியின் நீளம் அடியில் இருக்கும். ஒவ்வொரு தோணிக்கும் கம்பெனி ஓர் அட்டை எழுதி வைத்தது. என்ன மாதிரி, என்ன மரம், என்ன நிறம், எந்தத் திகதியில் கன்வஸ் போர்த்தப்பட்டது, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. பாய் விரித்து ஓட்டுவதற்கான சாமான்களோடு விற்கப்பட்டிருந்தால் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய மரக் கனூ மரபுச் சங்கத்தின் முயற்சியால் அந்த அட்டைகள் படமெடுக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பழைய கனூ வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இலக்கத்தை; காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

அட்டை கிடைக்காவிட்டால் தோணியே சாட்சி சொல்லும். சாதாரணக் கனூவின் ஆசனம் பிரம்பு பின்னியது. நம் வீடுகளிலுள்ள பழைய பிரம்புக் கதிரைகளின் அதே எண்கோணக் கண்ணிப் பின்னல்தான். பாய்மரம் நட்ட கனூவில், முன் ஆசனம் தடித்த பலகையாக, நடுவில் வட்டத் துளையோடு இருக்கும். அத்துளைக்கு நேர் கீழே அடித்தளத்தில் ஒரு கட்டை. பாய்மரத்தின் கால் அதில் அமரும். கட்டை தொலைந்துபோயிருந்தாலும் அது இருந்த இடத்தில் வார்னிஷ் நிறம் மாறியிருக்கும். திருகாணித் துளைகள் அடைபட்ட தடயம் தெரியும். பக்கவாட்டு விளிம்புச் சட்டத்தில் இரு புறமும் ஒரே நேரில் நசுங்கிய தழும்பு இருந்தால், அங்கே பக்கப் பலகைகளின் சட்டம் இறுக்கப்பட்டிருந்தது என்று அறியலாம்.

பக்கப் பலகை என்பது என்ன? கனூவின் அடி ஏறக்குறையத் தட்டையானது. பக்கத்திலிருந்து காற்றடித்தால் தோணி முன்னால் போகாமல் நண்டு போலப் பக்கவாட்டில் வழுக்கும். அதைத் தடுக்க இரு புறமும் தண்ணீருக்குள் இறங்குமாறு இரண்டு பலகைகளைத் தொங்கவிடுவார்கள். ஒரு குறுக்குச் சட்டம், அதன் முனைகளில் வெண்கலப் பிடிகள், பலகையை ஏற்றி இறக்கச் சிறகுள்ள நட்டுகள். தேடுவோரை அதிகம் சோதிப்பவை இந்தப் பிடிகள்தான். மரத்தை நல்ல தச்சன் ஒருவன் செய்துவிடுவான். பாயைத் தைக்கலாம். வார்ப்பு உலோகத்தை என்ன செய்வது?

பழைய சாமான் விற்பவர்களிடமும், உடைந்த தோணிகளைப் பிரிப்பவர்களிடமும் சில வேளைகளில் அசல் பிடிகள் கிடைக்கும். கிடைக்காதபோது ஒருவரிடமுள்ள அசலை இரவல் வாங்கி, மணல் அச்சில் வைத்து வெண்கலத்தில் நகல் வார்ப்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்கும். ஓரடி நீளத்துக்குச் சுமார் 3/16 அங்குலம் குறையும். அசலையே அச்சாக வைத்தால் நகல் சற்றுச் சிறிதாகத்தான் பிறக்கும். பழைய ஆணித் துளைகளோடு அது பொருந்தாது. அனுபவசாலிகள் அசலின் மேல் மெல்லிய பூச்சுக் கொடுத்துப் பெரிதாக்கியோ, மரத்தில் கொஞ்சம் பெரிய மாதிரி செதுக்கியோ வார்ப்பார்கள். நகலை நகலென்று சொல்லி விற்பதில் குற்றமேதும் இல்லை. அதையே கறுக்க வைத்து "நூறு வருடத்து அசல்" என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். குறையை மறைத்த வியாபாரம் எந்தச் சாமானில் நடந்தாலும் ஒன்றுதானே!

உலோகம் வாங்கும்போது பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. உப்புத் தண்ணீரில் நாகம் மெல்லக் கரைந்து போக, இளஞ்சிவப்பான, உறுதியற்ற செம்பு மட்டும் மிஞ்சும். பார்வைக்கு முழுசாகத் தெரியும் திருகாணி, திருப்பியவுடன் முறியும். ஏரியில் மட்டும் ஓடும் தோணிக்குப் பித்தளை தாக்குப்பிடிக்கும். கடலுக்கு வெண்கலம்தான் நல்லது. (பழைய வார்ப்பைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை உங்களுக்கு வரும். குத்துவிளக்கானால் சரி. திருகு மரைக்குள் புளிப்பு தங்கினால் அரிப்புத் தொடரும்.)

இனிப் பொருத்தும் வேலை. அட்டையும் தழும்பும் இது பாய்மரக் கனூ என்று சொன்னால், பழைய துளைகளிலேயே பொருத்தலாம், யோசனைக்கு இடமில்லை. இரண்டுமே இல்லாத கனூவில் புதிதாகத் துளையிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். எண்பது, தொண்ணூறு வருடம் வாழ்ந்த மரத்தில் போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது. பக்கப் பலகைச் சட்டத்தை விளிம்பில் இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளால் மாட்டினால் துளையே வேண்டாம். முன்னும் பின்னும் நகர்த்தவும் இடமிருக்கும். அந்த வசதி பெரிது. பலகைகளை அதிகம் முன்னால் வைத்தால் தோணி காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதிகம் பின்னால் வைத்தால் காற்றைவிட்டு விலகி ஓடும். இலேசாகக் காற்றை நோக்கித் திரும்பும் குணமே பாதுகாப்பானது. கை தவறினாலும் தோணி தானாகத் திரும்பி நின்றுவிடும்.

பாய்மரத்தின் அடிக்கட்டைதான் கவனம் கேட்கும் இடம். விலாவின் தடிப்பு சுமார் 3/8 அங்குலம், அதற்கு வெளியே பலகை சுமார் 5/32 அங்குலம், அதற்கப்பால் கன்வஸ். அவ்வளவுதான்! அரையங்குலத்துக்கு மேல் இறங்கும் திருகாணி, கன்வஸைக் குத்தித் தண்ணீருக்கு வழி திறக்கும். கட்டையை ஒரே விலாவில் பதித்தால் காற்று உந்தும்போது அந்த விலா முறியும். ஆகவே நீண்ட கட்டையாகப் பல விலாக்களின் மேல் பாரம் பகிர்ந்து அமர்த்துகிறார்கள். புதுக் கன்வஸ் போர்த்துவதற்காகப் பழையதைக் கழற்றியிருக்கும் சமயமே இந்த வேலைக்கு உகந்தது.

கன்வஸைக் கழற்றும்போது தாய்மார்கள் அறிய வேண்டிய ஒன்றுண்டு. பழைய பூச்சில் ஈய வெள்ளை கலந்திருப்பது வழக்கம். அதை உலர்வாக உரசினால் எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. உரசுபவர் முகமூடி அணிய வேண்டும். ஈரப்படுத்தி உரச வேண்டும். வேலை செய்த உடுப்பை மற்ற உடுப்புகளோடு ஊறவைக்கக் கூடாது. தோணிக்கு மட்டுமல்ல, பழைய ஜன்னல், கட்டில் பெயின்டுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டு ஓருவாவை நினைத்துப் பார்க்கிறேன். குடைந்த அடிமரத்தின் மேல் பக்கப் பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்து, பக்கமிதவையையும் கயிற்றாலேயே கட்டிப் பாய் விரித்துக் கடலுக்குப் போனார்கள். அந்தக் கயிற்றைத் திரித்தவர்களில் பெரும்பாலோர் தென்கரைப் பெண்கள். அதற்கு உதிரிப்பாகம் தேடி யாரும் கடல் தாண்டவில்லை. இப்போது பைபர் கிளாஸ் படகுகள் வந்துவிட்டன. பாய் விரித்த ஓருவாக்களை நீர்கொழும்புப் பக்கம் இன்னும் காணலாம். கனூவுக்குப் பக்கமிதவை இல்லை. அதனால்தான் அதன் பாய் சிறிதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு சிறிது? 1880இல் தொடங்கிய அமெரிக்க கனூ சங்கத்தாரிடம் 44 சதுர அடி முக்கோணப் பாய் வழக்கமான அளவுகளில் ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று சன்பிஷ் படகின் பழைய பாயை வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அது 75 சதுர அடி! நடுத்தரக் காற்றிலேயே கனூ கவிழும். பழைய பாய்கள் பருத்தியில் தைத்தவை. இப்போது அதே வெண்பழுப்பு நிறத்தில் பொலியெஸ்டர் துணி கிடைக்கிறது. நேர்த்தையலைவிட வளைந்து வளைந்து ஓடும் தையலே இதற்கு நல்லது. துணி இழுபடும்போது நூலும் இழுபட்டுக் கொடுக்கும்.

பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குக் கொளுவி தேடி அலைபவர்களைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கனூவில் அந்தக் கயிறு எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும். திடீர்க் காற்றில் கையை விட்டால் பாய் தளர்ந்து தோணி நிமிரும். கட்டி வைத்திருந்தால் அவிழ்ப்பதற்குள் தண்ணீர் ஏறிவிடும். ஏறுகிற ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கி அணிவதும், இரு முனைகளிலும் காற்றுப் பைகளைக் கட்டி வைப்பதும் கட்டாயம். கரைக்கு வந்ததும் பருத்திப் பாயை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் ஒரு வாரத்துக்குள் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அது சலவையில் போகாது.