எஞ்சினைப் பெரிதாக்கலாமா? மலைக்குச் சரக்கு ஏற்றும் வணிகர்களுக்கு



மலையடிவார ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள் சிலர் இன்னமும் பழைய ஜீப்பைக் கைவிடவில்லை. புது வண்டிக்கு முதல் போட மனமில்லாதது ஒரு காரணம். பழகிய வண்டி என்ற பாசம் இன்னொரு காரணம். இவர்கள் என்னைச் சந்திக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எஞ்சினை எப்படியும் வேலைக்கு இறக்குகிறோம். அப்படியே கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் மலையில் இன்னும் நன்றாக இழுக்குமே, செய்யலாமா?"

நான் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்ததும் கல்லாவில் உட்கார்ந்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கு ரொக்கம் கொடுத்துப் பாடம் படித்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

சி.சி. என்பது என்ன?

நம் கடையில் இருக்கும் படியை நினைத்துக் கொள்ளுங்கள். அது அதிகம் கொள்ள வேண்டுமானால் இரண்டே வழிதான். வாயை அகலமாக்கலாம், அல்லது ஆழத்தைக் கூட்டலாம். எஞ்சினிலும் அப்படியே. பிஸ்டன் ஓடும் குழாயின் அகலத்துக்கு போர் என்றும், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்றும் பெயர். இந்த இரண்டையும் கொண்டு ஒரு குழாயின் கொள்ளளவைக் கணக்கிட்டு, எத்தனை குழாயோ அத்தனையால் பெருக்கினால் வருவதே சி.சி.

பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப்பில் இருந்தது வில்லிஸ் கம்பெனி வடிவமைத்த நான்கு குழாய் எஞ்சின். போர் 3⅛ அங்குலம், ஸ்ட்ரோக் 4⅜ அங்குலம், கொள்ளளவு 2199 சி.சி. வாய் குறுகி ஆழம் மிகுந்த படி என்று சொல்லலாம். இப்படிப்பட்ட எஞ்சின் வேகமாக ஓடாது. ஆனால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். மலைக்கு அது ஏற்றதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

85 சி.சி.க்கு நான் கொடுத்த விலை

1989-ஆம் ஆண்டு. எங்கள் மொத்தக் கடையிலிருந்து கொல்லிமலைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பி வந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் ஆயில் குடித்தது, நீலப் புகை விட்டது. ரீபோர் செய்ய வேண்டிய நேரம் என்பது எனக்கே தெரிந்தது.

குழாய் தேய்ந்துவிட்டால் அதைக் கடைந்து சற்றே அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் 20, 30, 40 பங்கு என்று படிப்படியாக அளவு ஏறும். எனக்கு 20 சைஸே போதுமாயிருந்தது. ஆனால் பட்டறைக்காரர், "ஒரேயடியாக 60 சைஸ் போட்டுவிடுங்கள், லாரி மாதிரி இழுக்கும்" என்றார். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆசை யாரை விட்டது! சரி என்றுவிட்டேன்.

பிற்பாடு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 சைஸ் கடைந்தால் 2199 சி.சி. ஏறக்குறைய 2285 ஆகிறது. கூடுவது சுமார் 85 சி.சி. நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. அதற்காக நான் கொடுத்தது என்ன? குழாயின் சுவர் மெலிந்து போனது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. சுவர் மெலிந்தால் சூட்டில் வடிவம் மாறும். ஒரு நாள் விரிசலும் விடும்.

அந்த ஒரு நாள் ஆடிப் பதினெட்டுக்கு முன்தினமாக வந்தது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் திரளும் சமயம். சர்க்கரை, வெல்லம், எண்ணெய் டின்கள் எல்லாம் ஏற்றி அனுப்பினேன். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து, எஞ்சின் உதறி நின்றுவிட்டது. மழை வேறு. டிரைவர் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக் கொடுத்து, வளைவில் நின்று வருகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டியிருக்கிறார். வண்டி உருளாமல் நின்றது ஆண்டவன் செயல். சர்க்கரை மூட்டைகள் நனைந்து பாகாயின.

மறுநாள் மலைக்குப் போய் ஒவ்வொரு கடையாக வருத்தம் தெரிவித்தேன். ஒரு பெரியவர் சொன்னார்: "சரக்கு போனால் போகட்டும் தம்பி. வரும் என்று நீங்கள் சொன்னதை நம்பி நான் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேனே." நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதிவிட்டேன். இந்த வார்த்தையை எந்தக் கணக்கில் எழுதுவது?

மேஸ்திரி கற்பித்தவை

அதன் பிறகு வேறொரு மேஸ்திரியிடம் போனேன். வயதானவர், பேச்சு குறைவு. பிளாக்கைப் பார்த்துவிட்டு, "இதில் இனிமேல் கடைய இடமில்லை தம்பி. குழாய்க்குள் ஸ்லீவ் இறக்கி, கம்பெனி அளவுக்கே கொண்டு வருவோம்" என்றார். ஆக, பெரிதாக்கப் போனவன் பழைய 2199-க்கே திரும்பினேன். அவர் செய்த வேலையை அருகில் இருந்து பார்த்தேன். நம்மவர்களுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, அளக்காமல் அவர் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு குழாயையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தார். குழாய் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது.

இரண்டாவது, பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கடையச் சொன்னார். ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியே அளந்து அதற்குத் தக்கபடி குழாயைக் கடைய வேண்டும். குழாயை முதலில் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

மூன்றாவது, எடை. இது நம் தொழில் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு பிஸ்டன்களையும் நான்கு கனெக்டிங் ராடுகளையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தார். கனமானவற்றை உரிய இடத்தில் அரம் போட்டு, நான்கையும் ஒரே எடைக்குக் கொண்டு வந்தார். எடை ஒத்துப் போனால் அதிர்வு குறையும், பேரிங் நீடிக்கும்.

நான்காவது, சுத்தம். கிராங்க் ஷாப்ட்டின் ஆயில் துவாரங்களைக் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்தார். கடைந்த இரும்புத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் புது பேரிங் பாழ்.

ஐந்தாவது, ஹெட் போல்ட்டுகளைக் கைப்பலத்தை நம்பி முறுக்கவில்லை. டார்க் ஸ்பேனர் கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தடவையாக முறுக்கினார். ஹெட் வளையாமலும் கேஸ்கட் ஊதாமலும் இருக்க இதுவே வழி.

ஆறாவது, ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே படிந்த உப்பை நீக்கி, தண்ணீர் பம்ப்பையும் புதுப்பித்தார். மலையில் பாரம் அதிகம், வேகம் குறைவு. எதிர்க்காற்றின் துணை கிடைக்காது. அதனால் குளிர்விக்கும் வேலை முழுவதும் ரேடியேட்டரின் தலையில்தான்.

கடைசியாக, முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றச் சொன்னார். 1000 கிலோமீட்டர் வரை மலைக்கு முழுப் பாரம் கூடாது என்றார். கேட்டேன். அந்த எஞ்சின் 2001-இல் வண்டியை விற்கும்வரை என்னை வழியில் நிறுத்தவில்லை. இழுவையும் முன்னைவிட நன்றாகவே இருந்தது. அழுத்தம் கசியாத எஞ்சின், கசியும் பெரிய எஞ்சினைவிட நன்றாக இழுக்கும்.

உண்மையாகவே பெரிதாக்க வேண்டுமானால்

அப்படியானால் கொள்ளளவைக் கூட்டவே முடியாதா? முடியும். ஆனால் அதன் வழி வேறு. வாயை அகலமாக்கச் சுவர் ஓரளவுக்குத்தான் இடம் தரும். ஆழத்தைக் கூட்டுவதில்தான் பெரும்பங்கு கிடைக்கிறது.

ஜீப் பிறந்த அமெரிக்காவில் இது பிரசித்தம். அங்கே 1987 முதல் 2006 வரை ஜீப் வண்டிகளில் 4.0 லிட்டர் ஆறு குழாய் எஞ்சின் வந்தது. அதற்கு மூத்ததாக, அதே குடும்பத்தில் 4.2 லிட்டர் எஞ்சின் ஒன்று உண்டு. இளையதன் ஸ்ட்ரோக் 3.414 அங்குலம், மூத்ததன் ஸ்ட்ரோக் 3.895 அங்குலம். மூத்ததன் கிராங்க் ஷாப்ட் இளையதன் பிளாக்கில் உட்காரும். அதைப் போட்டு, குழாயை 30 சைஸ் மட்டும் கடைந்தால் 4.6 லிட்டர் ஆகிவிடுகிறது. பழைய கொள்ளளவோடு ஒப்பிட்டால், கடைந்ததால் கூடியது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஸ்ட்ரோக்கால் வந்தது பதினான்கு பங்கு.

ஆனால் கிராங்க்கை மட்டும் மாற்றினால் முடிந்துவிடாது. ஸ்ட்ரோக் கூடினால் அழுத்தமும் கூடும். அதற்குத் தக்க பிஸ்டன் போடாவிட்டால், பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் எஞ்சின் தட்டும். எரிபொருள் அதிகம் ஊட்ட வேண்டும். சூடு கூடுவதால் ரேடியேட்டரும் தாங்க வேண்டும். பிஸ்டன் அதே நேரத்தில் அதிகத் தூரம் ஓடுவதால், எஞ்சினை முன்போல அதிவேகத்தில் சுழற்றவும் கூடாது. இவற்றையெல்லாம் ஒருசேரச் செய்தவர்கள்தான் தினசரி ஓட்டுகிறார்கள். பாதி செய்தவர்கள் பட்டறை வாசலில் நிற்கிறார்கள்.

நம் நாட்டு ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் எஞ்சின்களும் இதையே காட்டுகின்றன. 2112 சி.சி. எஞ்சினுக்கு போர் 90 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 83. அதே குடும்பத்தின் 2498 சி.சி. எஞ்சினுக்கு போர் 94, ஸ்ட்ரோக் 90. தயாரித்தவர்களே பெரிதாக்கியபோது குழாய், பிஸ்டன், கிராங்க் அனைத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்தார்கள். ஆகவே பெரிய எஞ்சின்தான் வேண்டும் என்பவர்கள், சின்னதைக் குடைவதைவிட, தயாரித்தவர்கள் முழுமையாகச் செய்த பெரிய எஞ்சினைத் தங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று விசாரிப்பது உத்தமம்.

சட்டமும் கணக்கும்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சி.சி.யும் பதிவாகி இருக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, அந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. எஞ்சினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே வேலைக்கு இறக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். பதிவில் ஒன்றும் வண்டியில் ஒன்றுமாக இருந்தால், விபத்து நேரும் நாளில் இன்சூரன்ஸ் வாங்க வழக்காட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இழுவை கூடினால் நம் கை சும்மா இருக்காது. இன்னும் இரண்டு மூட்டை ஏற்றச் சொல்லும். ஏறிய பாரம் இறங்கவும் வேண்டும். மலையில் இறங்கும்போது எஞ்சின் பெரிதா சிறிதா என்று யாரும் கேட்பதில்லை, பிரேக் பிடிக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே எஞ்சினுக்குச் செலவு செய்கிறவர்கள் பிரேக், கிளட்ச், டயர் இவற்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். அவ்வளவு முதல் இல்லையென்றால், கம்பெனி அளவிலேயே ஒழுங்காக வேலை செய்துகொண்டு, பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக அனுப்புவதே லாபம்.

கடையை விரிப்பதற்கு முன் அஸ்திவாரம் தாங்குமா என்று பார்க்கிறோம். எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும். மேலே இருக்கும் கடைக்காரருக்கு நம் எஞ்சின் எத்தனை சி.சி. என்பது தேவையில்லை. சொன்ன நாளில் சரக்கு வந்ததா என்பதுதான் அவருக்குத் தேவை. அந்த நம்பிக்கைதான் நமக்கு முதல். அதைக் காப்பாற்றுகிற எஞ்சினே பெரிய எஞ்சின்.